எலுமிச்சை மரம் வரைக்கும்

குழாய்க்காரருக்கு ஊரில் உள்ள சமையலறைகள் எல்லாம் அத்துப்படி. எந்த வீட்டு சிங்க் அடைக்கும், எந்த வீட்டு மாடித்தொட்டி வழியும், எந்த வீட்டம்மா எண்ணெயை எல்லாம் ஓட்டையில் கொட்டிவிட்டு "நான் ஒண்ணுமே கொட்டலைங்க" என்று சாதிப்பாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் போட்ட குழாய் ஒழுகியது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவர் ஒப்புக்கொண்டிருக்கப் போவதில்லை. அப்பேர்ப்பட்டவரைக் கட்டிக்கொண்டவளே அவருடைய சாக்கடையை நம்பாமல், திங்கட்கிழமை தவறாமல் ஒரு பேசின் தண்ணீரைக் கையில் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குப் போனால் மனிதருக்கு எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை அவளிடம் ஒரு துணிப்பையைக் கொடுப்பார். பூசையில் திராட்சை இரசக் கிண்ணம் துடைத்த சின்ன வெள்ளைத் துணிகளும், பீடத்தில் கிண்ணத்துக்கும் தட்டுக்கும் அடியில் விரிக்கிற சதுரத் துணியும் அதில் இருக்கும். அவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பிக் கொடுப்பது அவள் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் ஏற்றுக்கொண்டது. கோவிலில் அவளுக்கு வெள்ளைத்துணியம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தத் துணிகளை முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அந்த முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது, மண்ணுக்குத்தான் போகவேண்டும். பூசையில் அப்பமும் இரசமும் ஆண்டவரின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்பது அவள் விசுவாசம். துணியில் ஒரு துளி இருக்கலாம், ஒரு துணுக்கு ஒட்டியிருக்கலாம். அதைப் போய் எச்சில் தண்ணீரோடு சேர்ப்பதா? அதனால் வெள்ளை எனாமல் பேசினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பின்வாசல் படி இறங்கி, எலுமிச்சை மரத்தின் தூரில் ஊற்றிவிட்டு வருவாள்.

குழாய்க்காரர் இதைப் பார்க்கும்போதெல்லாம் சும்மா இருக்கமாட்டார். "கட்டின புருஷன் வீட்டுக்குள்ள வந்தா ஏன்னு கேக்க ஆளில்லை. அழுக்குத் தண்ணிக்கு ஊர்வலம் நடக்குது" என்பார்.

"அது அழுக்குத் தண்ணி இல்லைங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் அப்படித்தான். அவரோடு சண்டை போட வருகிறவர்கள்கூடக் கொஞ்ச நேரம் கழித்து அவளிடம் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து போவார்கள்.

ஒரு வருஷம் அவளுக்கு முட்டிவலி வந்தது. பேசினோடு படி இறங்குவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு விடுமுறை நாள் முழுக்க மண்ணைத் தோண்டினார். பின்வாசல் ஓரம் தாழ்வாக ஒரு சின்னத் தொட்டி வைத்து, அதிலிருந்து தனியாக ஒரு குழாய் இழுத்து, மண்ணுக்கடியில் கொண்டுபோய் நேராக எலுமிச்சை மரத்தடியில் விட்டார். ஊருக்கெல்லாம் கூலிக்குச் செய்கிற வேலையைப் பெண்டாட்டிக்கு ஆசையாகச் செய்திருந்தார். அவள் தொட்டியைத் தடவிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். அடுத்த திங்கட்கிழமை, பேசினைத் தூக்கிக்கொண்டு அந்தத் தொட்டியைத் தாண்டியே நடந்து போனாள்.

ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தாள். அவர் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அவள் காரணம் சொல்லவே இல்லை. அந்தத் தொட்டி பேரப்பிள்ளைகளின் மண் ஒட்டிய காலைக் கழுவத்தான் பயன்பட்டது. தண்ணீர் எப்படியோ மரத்துக்குப் போகிறதே என்று அவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

பக்தி விஷயத்தில் அவருக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. விடிகாலைப் பூசைக்கு அவள் கிளம்பும்போது அவர் மறுபக்கம் புரண்டு படுப்பார். ஞாயிற்றுக்கிழமை கூடவே போவார். ஆனால் கடைசி வரிசையில், கதவோரத்தில் நின்று, பிரசங்க நேரத்தில் கோவில் கூரையின் மழைநீர்க் குழாய் எங்கே பிசகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் வீட்டில் செபமாலை சொல்லும்போது கை கழுவப் போனாரென்றால், பாதி முடியும்வரை அந்தக் கையில் அழுக்கு போகாது. அவருடைய ரெஞ்ச் காணாமல் போனால் தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோணியாரிடம் அவள் வேண்டுவாள். கிடைத்ததும், "நான் தேடினேன், கிடைச்சுது" என்பார் இவர். "தேட வெச்சது யாரு?" என்பாள் அவள். வண்டியில் அவள் ஒட்டிவைத்த மாதா படத்தைப் பார்த்து முணுமுணுத்தவர்தான். படம் ஒருநாள் கழன்று விழுந்தபோது குழாய் ஒட்டும் பசையை அப்பி அவரே ஒட்டினார். இனி வண்டி போனாலும் படம் போகாது.

இளவயதில் ஒருமுறை, பள்ளத்தில் இறங்கிக் குழாய் பதித்துக்கொண்டிருந்தபோது மண் சரிந்து கழுத்துவரை மூடிவிட்டது. கூட இருந்தவர்கள் கையால் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மனிதரின் காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் மண்ணை ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள் அவள். அழவில்லை. "நாளைக்கும் அதே வேலைக்குத்தான் போகணும்" என்றார். "போங்க" என்றாள். ஒரு வாரம் அவர் தூக்கத்தில் திணறும்போதெல்லாம் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மகன், கோவில் வாசலே அதிகம் மிதிக்காத குடும்பத்துப் பெண்ணைக் கட்டுவேன் என்று நின்றபோது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். வெள்ளைத்துணியம்மா யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் ஏறி அந்தப் பெண் வீட்டுக்குப் போய், அவள் அம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக் கொடுத்து, கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். மருமகள் வந்த அன்றே அவளிடம் சொல்லிவிட்டாள்: "நீ எங்ககூட கோவிலுக்கு வரணும்னு ஒண்ணும் இல்லைம்மா. சாப்பாட்டுக்கு மட்டும் நேரத்துக்கு வந்துடு." அந்த மருமகள் தன் அம்மாவிடம் சொல்லாததை எல்லாம் மாமியாரிடம் சொன்னாள். இருந்தது வேறு ஊரில். விடுமுறைக்கு வந்தாலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஞாயிறு மாலையே கிளம்பிவிடுவாள். திங்கட்கிழமைச் சமாச்சாரம் அவளுக்குத் தெரிய வழியே இல்லாமல் போனது.

ஒரு திங்கட்கிழமை வெள்ளைத்துணியம்மா துணிகளை ஊறவைத்துவிட்டு, பேசினை மேடைமேல் வைத்துவிட்டு, "என்னமோ மாதிரி இருக்குங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் என்னென்னவோ செய்தார்கள். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோவில் சாமியார் வந்து கடைசிச் செபம் சொல்லி எண்ணெய் பூசும்போது அவளுக்கு நினைவு இருந்தது. குழாய்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடி தளர்ந்தது எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை; அவர்தான் இறுக்கிப் பிடித்திருந்தாரே.

அவளைக் கூடத்தில் கிடத்தினார்கள். மகள் வந்தாள், மகன் குடும்பத்தோடு வந்தான். மறுநாள் காலை பூசை, பிறகு அடக்கம் என்று முடிவானது. குழாய்க்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். எது கேட்டாலும் "சரி" என்றார். பெட்டி இது போதுமா, சரி. பாட்டு இது பாடலாமா, சரி. கோவில்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பீடத் துணி பத்தி ஒண்ணும் நினைக்காதீங்க. கோவில்ல வேற செட் இருக்கு, நாளைக்கு அதைப் போட்டுக்கறோம்" என்றார்.

அப்போதுதான் அவருக்குப் பேசின் நினைவு வந்தது. தலை நிமிர்ந்தது.

"அது வேண்டாம்" என்றார். "அவ ஊற வெச்ச துணி இருக்கு. நாளைக்கு அவ பூசைக்கு அதுதான் இருக்கணும். அவ எப்படிப் பண்ணுவாளோ அப்படியே பண்ணிக் கொடுத்துடறேன்."

காலையிலிருந்து அவர் தானாகக் கேட்டது அது ஒன்றுதான். கோவில்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினார்.

குழாய்க்காரர் எழுந்து சமையலறைக்குப் போனார். மகளும் பின்னாலேயே வந்தாள். மேடை பளிச்சென்று துடைத்திருந்தது. வருகிறவர்களுக்குத் தேநீர் போட இடம் வேண்டும் என்று மருமகள் சமையலறையை ஒழித்து வைத்துக்கொண்டிருந்தாள். எனாமல் பேசின் காலியாக இருந்தது. பிழிந்த துணிகள் ஒரு தட்டில் இருந்தன.

"அண்ணி, அந்தத் தண்ணி எங்க?" என்றாள் மகள்.

"இப்பதான் சிங்க்ல ஊத்தினேன். ஏன்?"

"ஐயோ அண்ணி, என்ன காரியம் பண்ணிட்டீங்க. அதை அங்க ஊத்தக்கூடாது. மரத்துக்குத்தான் ஊத்தணும். அம்மா இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு கீழ விட்டதில்லை. கடைசித் துணி அண்ணி அது."

மருமகளின் முகம் வெளுத்துப்போனது. கையில் இருந்த கரித்துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். "எனக்குத் தெரியாதே" என்றாள். "அழுக்குத் தண்ணின்னு நெனச்சேன்."

அந்த வார்த்தையை அந்த வீட்டில் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தது யார் என்று குழாய்க்காரருக்குத் தெரியும். சுருக்கென்றது. கூடத்தில் கிடக்கிறவள் எழுந்து வந்து, "அது அழுக்குத் தண்ணி இல்லைங்க" என்று ஒருதரம் சொல்லமாட்டாளா என்றிருந்தது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாமியாருக்கு ஒரு நல்லது செய்ய நினைத்து வந்த இடத்தில் அவளுடைய கடைசிக் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு தாங்கவில்லை.

குழாய்க்காரர் சிங்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு வீட்டில் வேலைக்குப் போனால் எப்படிக் கேட்பாரோ அந்தக் குரலில் கேட்டார்.

"ஊத்தின பிறகு குழாயத் திறந்தியாம்மா?"

"இல்லை மாமா."

"கை கழுவினியா? டம்ளர் ஏதாவது அலசினியா?"

"இல்லை. துணியைத் துவைக்கலாம்னு சோப்புத்தூள் தேடிட்டிருந்தேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

அந்த நேரம் பார்த்து, ஒன்றுவிட்ட சின்னம்மா ஒருத்தி எச்சில் டம்ளரோடு உள்ளே வந்து குழாயில் கை வைத்தாள்.

"சின்னம்மா, கையை எடுங்க" என்று ஒரு அதட்டல் போட்டார். அந்த அம்மா மூக்கு விடைக்க டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். துக்கத்தில் ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கூடத்தில் போய்ச் சொல்லியும் விட்டாள்.

"யாரும் இந்தக் குழாயத் தொடக்கூடாது" என்றார். "வண்டியில என் பை இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்லு."

மகன் பையோடு ஓடி வந்தான். மறுநாளைக்கென்று வாங்கி, போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்த புது வெள்ளைச் சட்டையோடேயே குழாய்க்காரர் தரையில் உட்கார்ந்து, முட்டி மடங்காமல் ஒருக்களித்து, சிங்க்குக்கு அடியில் தலையை விட்டார். எல்லா சிங்க்குக்கு அடியிலும் குழாய் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும். சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் இருக்க அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். யார் எதைக் கடைசியாக ஊற்றினார்களோ, அந்தத் தண்ணீர்.

"அந்தப் பேசினக் கொண்டா. நீயே பிடி" என்றார் மருமகளிடம். அவள் தரையில் மண்டியிட்டுப் பேசினை வளைவுக்கு நேராகப் பிடித்தாள்.

வளைவை இறுக்கிப் பிடித்திருந்த மரை அசையவில்லை. ரெஞ்சை மாற்றிப் பிடித்துத் திருகினார். மூச்சு வாங்கியது. "இதை எவன்டா இவ்வளவு இறுக்கினவன்?" என்றார்.

"நீங்கதான்பா" என்றான் மகன்.

முதலில் சிங்க்குக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் மகள் சிரித்தாள், அழுதுகொண்டிருந்த மருமகளும் மூக்கை உறிஞ்சியபடியே சிரித்துவிட்டாள். கூடத்தில் படுத்திருப்பவளுக்கும் கேட்டிருந்தால் அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்திருப்பாள்.

மரை விட்டுக்கொடுத்தது. வளைவைக் கழற்றிப் பேசினில் கவிழ்த்தார். ஒரு பெரிய டம்ளர் அளவு தண்ணீர் விழுந்தது. லேசாகக் கலங்கியிருந்தது, ஒரு அவரைத் தோல் மிதந்தது. அதை விரலால் எடுத்து ஓரமாக வைத்தார்.

"மிச்சமெல்லாம் போயிடுச்சேப்பா" என்றாள் மகள் மெதுவாக.

"ஒரு துணுக்குன்னாலும் ஆண்டவர் அதுல முழுசா இருக்காருன்னு உங்கம்மா சொல்லுவா இல்லை? அப்ப இதுல பாதியா இருப்பாரு?"

மகளும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கை கழுவிக் கழுவிப் பொழுதைப் போக்கிய மனிதரின் காதில் எல்லாமே விழுந்துதான் இருந்திருக்கிறது.

மகன் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். சட்டையின் முதுகில் கரி. பேசினை மருமகள் அவரிடம் நீட்டினாள். "நீயே எடுத்துட்டு வாம்மா" என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். பின்னால் வந்த மகள், "அண்ணி, கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். மரத்தின் தூரில் தண்ணீரை ஊற்றினார்கள். வெயிலில் காய்ந்திருந்த மண் உடனே குடித்துவிட்டது.

பக்கத்தில், அவர் அந்த நாளில் போட்ட குழாயின் வாய் தெரிந்தது. குழாய்க்காரர் அதைக் காலால் தட்டினார். "இதுல ஊத்தியிருந்தா இத்தனை கஷ்டம் உண்டா? என் வேலைமேல அவளுக்கு நம்பிக்கையே இல்லை."

மகள் அவர் பக்கம் திரும்பினாள். "அதில்லைப்பா" என்றாள். "நீங்க மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்டீங்களே, அதுலேர்ந்து அம்மா இந்தத் தண்ணியைத் தூக்கிட்டு நடக்கும்போது உங்களுக்காக மட்டும்தான் வேண்டிப்பாங்க. வாசப்படியிலேர்ந்து மரம் வரைக்கும். எங்க பேர், பேரப்பிள்ளைங்க பேர் எல்லாம் செபமாலையில. இந்த நடை உங்களுக்கு. நான் ஒருநாள் கேட்டேன், அப்பாதான் பைப் போட்டுக் கொடுத்திருக்காரே, அதுல ஊத்தினா என்னன்னு. 'பைப் அவருக்காக வேண்டிக்குமாடி'ன்னாங்க."

குழாய்க்காரர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா சிரிப்பீங்கன்னு."

சிரித்திருப்பார்தான். அது அவருக்கே தெரியும். மண் சரிந்த நாளுக்குப் பிறகு ஏணிமேலும் பள்ளத்திலும் தொட்டிக்குள்ளும் இத்தனை வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்பியதற்குத் தன் கைத்திறமைதான் காரணம் என்று நினைத்திருந்தார். அவள் செத்தபோது அழாதவர், எலுமிச்சை மரத்தடியில் நின்று, மருமகள் முன்னால் மகள் முன்னால் என்று பார்க்காமல், வாய்விட்டு அழுதார்.

மருமகள் துணிகளைத் துவைத்தாள். எப்படி மடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் பழைய மடிப்புகளின் தடம் துணியில் லேசாகத் தெரிந்தது. அந்தத் தடத்தின் மேலேயே விரலை ஓட்டி மடித்தபோது துணி தானாகவே மாமியார் மடித்த மாதிரி படிந்து உட்கார்ந்தது. மறுநாள் பூசையில் குழாய்க்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். கூரையைப் பார்க்கவில்லை. சாமியார் அந்தச் சதுரத் துணியை விரித்ததிலிருந்து, சின்னத் துணியால் கிண்ணத்தைத் துடைத்து வைத்தது வரை கண்ணை எடுக்காமல் பார்த்தார். முழுப் பூசையையும் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பக்கத்தில் அவள் பெட்டியில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில்பிள்ளை துணிப்பையோடு யாரைத் தேடுவது என்று தயங்கி நின்றபோது, கடைசி வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டிருந்த குழாய்க்காரர் கையை நீட்டினார்.

திங்கட்கிழமை காலை மகன் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அப்பா எனாமல் பேசினை இரண்டு கையாலும் ஏந்தி, வலிக்கிற முட்டியோடு ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அப்பா, எதுக்கு இந்தப் பாடு. நீங்க போட்ட பைப்தானே இருக்கு. தொட்டியில ஊத்துங்க, தானா மரத்துக்குப் போயிடும்."

குழாய்க்காரர் நின்றார். "போயிடும்" என்றார். "பைப் உங்கம்மாவுக்காக வேண்டிக்குமாடா?"

மகன் ஒதுங்கி வழிவிட்டான். அவர் தண்ணீர் தளும்பாமல், உதடு அசைய, மெதுவாக நடந்தார். எலுமிச்சை மரம் இவ்வளவு கிட்டத்தில் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.